கேமராவும் கத்தரிக்கோலும்

திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போய் வந்தவர்கள் வீட்டில் பெரும்பாலும் அந்தப் படம் இருக்கும். பின்னால் மலை. மலை உச்சியில் தீபம். முன்னால் ராஜகோபுரம். நடுவில் ஒரு வட்டத்துக்குள் அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும். கீழே வரிசையாக ரமணர், சேஷாத்ரி சுவாமிகள், விசிறி சாமியார். லேமினேட் செய்து, தங்க நிற ஓரம் வைத்த சட்டம் போட்டு, சன்னதி தெருவிலும் கிரிவலப் பாதையிலும் கடை கடையாகத் தொங்கும்.

வாங்கி மாட்டியாயிற்று, தினமும் கும்பிடுகிறோம். ஆனால் ஒரு நாளாவது உற்றுப் பார்த்திருக்கிறோமா?

கோபுரத்தின் மேல் விழுவது பகல் வெளிச்சம். தீபம் எரிவதோ இரவில். 2668 அடி உயர மலையின் உச்சியில் எரியும் சுடர், 217 அடி கோபுரத்தோடு போட்டி போடுகிற அளவுக்குப் பெரிதாக நிற்கிறது. கிழக்கே நின்று பார்த்தால் கோபுரமும் அதன் பின்னால் மலையும் ஒன்றாகத் தெரிவது உண்மைதான். ஆனால் இத்தனை கிட்டத்தில் இல்லை! ஆட்களைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. சேஷாத்ரி சுவாமிகள் மறைந்தது 1929-இல். விசிறி சாமியார் என்கிற யோகி ராம்சுரத்குமார் இந்த ஊரில் வந்து தங்கியது 1959-இல். முப்பது வருட இடைவெளி. படத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

இப்படிப் பல புகைப்படங்களை வெட்டி ஒட்டி ஒரே படமாக்குவதற்குக் கலை உலகில் ஃபோட்டோமாண்டாஜ் என்று பெயர். பொதுவாக ஒட்டிச் செய்யும் படங்கள் எல்லாவற்றுக்கும் கொலாஜ். 'ஒட்டுதல்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கலை வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தால் 1912-இல் பாரீசில் பிக்காசோவும் பிராக்கும் ஓவியத்தில் காகிதத் துண்டுகளை ஒட்டினார்கள் என்று ஆரம்பிக்கும். அடுத்து முதல் உலகப் போர் முடிந்த பெர்லின், தாதா இயக்கம், ராவுல் ஹவுஸ்மன், ஹன்னா ஹோக் என்று போகும். சன்னதி தெருக் கடையில் தொங்கும் படத்துக்கும் அந்தப் புத்தகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத மாதிரி தோன்றும்.

சம்பந்தம் இருக்கிறது. அதுவும் நெருங்கிய சம்பந்தம்.

1918 கோடையில் ஹவுஸ்மனும் ஹோக்கும் பால்டிக் கடலோரத்தில் ஒரு சிறிய மீனவ கிராமத்துக்குப் போனார்கள். அங்கே வீட்டுக்கு வீடு சுவரில் ஒரே மாதிரி வண்ண அச்சுப்படம் மாட்டியிருந்தது. பின்னணியில் படை முகாம், முன்னால் சீருடை அணிந்த ஒரு சிப்பாய். அச்சில் எல்லா வீட்டுச் சிப்பாயும் ஒன்றுதான். ஆனால் தலை மட்டும் வேறு. பட்டாளத்தில் இருந்த தங்கள் வீட்டுப் பையனின் புகைப்படத்திலிருந்து தலையை வெட்டி அதில் ஒட்டியிருந்தார்கள். இதைப் பார்த்துத்தான் புகைப்படங்களை வெட்டிப் படம் செய்யலாம் என்ற யோசனை வந்தது என்று ஹவுஸ்மன் பிற்காலத்தில் எழுதினார்.

ஆக, ஐரோப்பாவின் நவீன கலைஞர்கள் இந்த வித்தையைப் பிடித்தது ஏழை வீட்டுச் சுவரிலிருந்து. பெர்லின் திரும்பிய ஹோக், பத்திரிகைப் படங்களை வெட்டி அமைச்சர்களின் தலையை நடனக்காரிகளின் உடம்பில் ஒட்டினார். அவர் பிழைப்புக்குப் பார்த்த வேலை ஒரு பெரிய பதிப்பகத்தில், பெண்கள் பத்திரிகைகளுக்குத் தையல், பின்னல் டிசைன் போட்டுக் கொடுப்பது. வெட்டுவதும் ஒட்டுவதும் கை பழகிய வேலை. அவருடைய புகழ்பெற்ற பெரிய ஒட்டுப்படத்தின் (1919-20) தலைப்பிலேயே ஒரு சமையலறைக் கத்தி வரும். அதே வட்டத்தைச் சேர்ந்த ஜான் ஹார்ட்ஃபீல்ட் 1932-இல் ஹிட்லரை எக்ஸ்ரே எடுத்த மாதிரி ஒரு படம் செய்தார். முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் தங்கக் காசுகள் அடுக்கி வைத்திருக்கும்! முதலாளிகளின் பணம் யார் வயிற்றுக்குள் போகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த பேலன்ஸ் ஷீட்டும் சொல்லாது. அடுத்த வருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அவர் உயிர் தப்ப பிராகாவுக்கு ஓட வேண்டியிருந்தது.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே இது எப்போது தொடங்கியது?

நமக்குத் தெரிந்த பழைய பெரிய உதாரணம் தஞ்சாவூரில் இருக்கிறது. 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சை என்று கேமராவோடு சுற்றினார். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை முழுதாகப் பதிவு செய்ய வேண்டும். எந்த லென்சிலும் அது அடங்காது. துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை வரிசையாக ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி! கோயிலைச் சுற்றி நடந்து வந்து பார்க்க வேண்டியதைச் சுருளாக நீட்டி வைத்த மாதிரி ஒரு படம். இன்றைக்கு மொபைலில் 'பனோரமா' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அன்றைக்குப் பசை வைத்துச் செய்திருக்கிறார். அதோடு நிற்கவில்லை. அந்தக் காலத்து நெகட்டிவில் வானம் பதியாது, வெறும் வெள்ளையாகப் போய்விடும். அதனால் நெகட்டிவிலேயே மேகம் வரைந்து சேர்ப்பதும் அவர் வழக்கம். ஆவணம் என்று அரசாங்கம் காசு கொடுத்து எடுத்த படங்களிலேயே கை வேலை உண்டு.

இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் இதற்கு ஒரு வருடம் முன்பு, 1857-இல், முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். விக்டோரியா மகாராணியே ஒரு பிரதி வாங்கினார். அதாவது, ஒட்டு வேலை என்பது புகைப்படத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்த கெட்ட பழக்கம் இல்லை. தொடக்க காலத்திலிருந்தே கூட வருகிறது.

ராஜஸ்தானத்து நாத்துவாராவில் இதற்கு ஒரு அழகான பக்தி வடிவம் வந்தது. அங்கே ஸ்ரீநாத்ஜி கோயிலைச் சுற்றி ஓவியர்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். யாத்திரை வந்த பணக்காரக் குடும்பம் ஒரு நினைவுப் படம் கேட்கும். ஓவியர் சாமியை வரைவார், அலங்காரத்தை வரைவார், இரண்டு பக்கமும் கைகூப்பி நிற்கும் குடும்பத்தின் உடம்பையும் உடையையும் வரைவார். முகத்துக்கு மட்டும் புகைப்படத்தை வெட்டி ஒட்டி, ஓரத்தில் வண்ணம் தொட்டு மறைத்துவிடுவார். இந்தப் படங்களுக்கு 'மனோரதம்' என்று பெயர். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. நடந்ததை இல்லை, மனது ஆசைப்பட்டதைக் காட்டும் படம்.

தமிழ்நாட்டில் இந்த மனோரதத்தை நிறைவேற்றி வைத்தவர்கள் ஊர் ஊருக்கு இருந்த ஸ்டூடியோக்காரர்கள்.

யோசித்துப் பாருங்கள். கணவன் இறந்துவிட்டார். அவர் படம் என்று இருப்பது எப்போதோ எடுத்த ஒரு குரூப் போட்டோ, அதில் மூன்றாவது வரிசையில் இடது பக்கம். மனைவி இப்போதுதான் முதல் முறை கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இருவரும் ஜோடியாக இருக்கும் படம் ஒன்று வேண்டும், பிள்ளைகள் கேட்கிறார்கள். ஸ்டூடியோக்காரர் குரூப் போட்டோவிலிருந்து அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி பிரிண்ட் போடுவார். பிளேடால் உருவத்தின் ஓரமாக வெட்டுவார். வெட்டிய காகிதத்தின் விளிம்பைப் பின்பக்கமாகத் தேய்த்து மெலிதாக்குவார். அப்படிச் செய்யாவிட்டால் ஒட்டிய இடத்தில் நிழல் விழுந்து காட்டிக் கொடுத்துவிடும். மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, இணைப்பு தெரியாமல் மெல்லிய பிரஷ்ஷால் கறுப்பும் சாம்பலும் தொட்டு, தோள், காலர், நாற்காலி எல்லாம் வரைந்து முடிப்பார். கடைசியாக, இதுதான் முக்கியம், ஒட்டிய படத்தையே மறுபடி ஒரு முறை படம் எடுப்பார். அந்தப் புது நெகட்டிவில் ஒட்டு கிடையாது, பசை கிடையாது. அதிலிருந்து எத்தனை பிரிண்ட் போட்டாலும் அது ஒரே புகைப்படம்தான். பெர்லினில் ஹார்ட்ஃபீல்டின் படங்களும் இதே போல ஒட்டி, திருத்தி, திரும்பப் படமெடுத்துத்தான் அச்சுக்குப் போயின. அவர் பெயர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் டச்சிங் ஆர்ட்டிஸ்டுகளின் பெயர் பிரிண்டின் பின்பக்கத்தில்கூட இல்லை. ஸ்டூடியோ முத்திரை மட்டும் இருக்கும்.

உயிரோடு இருக்கும்போது ஒரு படம்கூட எடுக்காதவர்களும் உண்டு. இறந்த பிறகு நாற்காலியில் உட்கார வைத்துப் படமெடுத்து, பிரிண்டில் கண்ணைத் திறந்த மாதிரி வரைந்து கொடுத்தார்கள். கேட்டால் சிலருக்குக் கலக்கமாக இருக்கும். அந்த ஒரு படம்தான் அந்த வீட்டில் அவர் முகம். அதை மாலை போட்டு மாட்டிக் கும்பிட்டவர்களுக்கு அதில் எந்தக் கலக்கமும் இல்லை.

(இதன் ஜாலியான பக்கமும் இருந்தது. லென்சில் பாதியை மறைத்து ஒரு முறை, மீதியை மறைத்து இன்னொரு முறை எடுத்தால் ஒரே ஆள் இரண்டு பேராக நிற்பார். இந்த மறைப்பு வித்தையைத்தான் சினிமாவும் பிடித்துக்கொண்டது. 1940-இல் 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்தார்.)

இந்த ஸ்டூடியோ உலகமும் சாமி பட உலகமும் ஒன்றோடொன்று எப்படிக் கலந்தன என்பதற்கு ஒரே மனிதரின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். சி.கொண்டையராஜு. 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். பிறகு ஓவியமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திருவண்ணாமலைக்கு வந்து ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். அங்கிருந்து போய்ச் சேர்ந்தது ஒரு நாடகக் கம்பெனியில், சீன் படுதா வரைகிற வேலை! அரண்மனை, தோட்டம், மாளிகைத் தூண்கள் என்று திரைச்சீலைகளில் வரைந்தார். 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். டி.எஸ்.சுப்பையா போன்ற மாணவர்கள் கூடவே இருந்தார்கள். அங்கே ஸ்டூடியோ வைத்தார்கள். பக்கத்திலேயே சிவகாசி அச்சகங்கள். நாடகத்துப் படுதாவில் வந்த தூண்களும் தோட்டமும் ஸ்டூடியோ பின்னணியிலும் வந்தன, கேலண்டர் சாமிகளுக்குப் பின்னாலும் வந்தன. 1976-இல் அவர் மறைந்தபோது தமிழ்நாட்டில் அவர் பாணி கேலண்டர் தொங்காத கடையோ வீடோ அபூர்வம்.

ஸ்டூடியோவில் வரைந்த அரண்மனைப் படுதாவுக்கு முன்னால் ஒரு விவசாயக் குடும்பம் நிற்கிறது என்றால் அதுவே ஒரு வகை ஒட்டுப்படம்தான். கத்தரிக்கோல் இல்லாமல் செய்தது. சிவகாசியிலோ கத்தரிக்கோல் நிஜமாகவே வேலை செய்தது. போன வருடக் கேலண்டரின் முருகனை வெட்டி இந்த வருட மலைக் காட்சியில் வைப்பது, ஒருவர் வரைந்த முகத்தை இன்னொருவர் வரைந்த பின்னணியில் ஒட்டுவது எல்லாம் அந்தத் தொழிலில் சகஜம். புதிதாக வரையச் சொன்னால் ஓவியருக்குக் கூலி, காத்திருக்க நாள். இருப்பதை ஒட்டினால் இரண்டும் மிச்சம்.

திருவண்ணாமலைப் படத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கருவறையில் கேமராவுக்கு அனுமதி கிடையாது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் கோயில்களுக்குள் மொபைல் போனுக்கே தடை விதிக்க உத்தரவிட்டது. ஆக, வெளியே விற்கும் 'அண்ணாமலையார் படம்' உள்ளே எடுத்த புகைப்படமாக இருக்க வழியில்லை. மலையைப் புகைப்படம் எடுக்கலாம், கோபுரத்தை எடுக்கலாம், மகான்களை எடுத்த படங்கள் இருக்கின்றன. நடுவில் இருக்க வேண்டிய சாமியை மட்டும் வரைந்துதான் ஆக வேண்டும். கேமரா போகக்கூடாத இடத்தில் தூரிகை போகிறது, இரண்டையும் பசை சேர்க்கிறது.

ரமணரை எடுத்த படங்களின் கதை தனி. இந்தியாவில் அவரளவுக்குப் புகைப்படம் எடுக்கப்பட்ட துறவிகள் குறைவு. பெங்களூரின் ஜி.ஜி.வெல்லிங் 1946-இல் எடுத்த மார்பளவுப் படம்தான் இன்று உலகம் முழுவதும் தெரிந்த ரமணர் முகம். கிரிவலப் பாதைக் கடைகளில் அதே முகம் மலைக்குள்ளும் மேகத்திலும் தீபச் சுடருக்கு நடுவிலும் தெரியும். வெல்லிங் எடுத்தது ஒரு மனிதரின் முகத்தை. பக்தர்கள் அதை வெட்டி மலையோடு சேர்த்தார்கள். ரமணரைப் பொறுத்தவரை இந்த மலைதான் குரு என்று தெரிந்தவர்களுக்கு அந்த வெட்டு வேலை தப்பாகவே படாது.

இதற்கு நேர் எதிரான கொள்கை கொண்ட ஒருவரும் இதே ஊருக்கு வந்தார். ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். 1947-இல் மேக்னம் புகைப்பட நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1948 ஜனவரியில் காந்தி சுடப்பட்ட நாளில் அவரைச் சந்தித்துவிட்டு வந்தவர். 1950 ஏப்ரலில், ரமணரின் கடைசி நாட்களில், திருவண்ணாமலையில் இருந்தார். ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்த நேரத்தில் வானத்தில் ஒரு ஒளி நகர்ந்ததைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். அந்த ஒளியை அவர் படம் எடுக்கவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம்!

கார்த்தியே பிரெஸ்ஸோனின் கட்டுப்பாடு பிரபலமானது. கேமராவில் பார்த்தபோது என்ன இருந்ததோ அது அப்படியே அச்சாக வேண்டும். ஓரத்தை வெட்டக்கூடாது, எதையும் சேர்க்கக்கூடாது. நெகட்டிவின் கறுப்பு ஓரம் தெரியும்படி பிரிண்ட் போடுவது அதற்கான சாட்சி. (பாரீசில் ஒருவர் தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் அவருடைய 1932 படம் ஓரம் வெட்டப்பட்டது. வேலி குறுக்கே இருந்ததாம். கொள்கை என்றால் விதிவிலக்கும் இருக்கும்.) அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் செய்திப் புகைப்படத்தை யாரும் நம்ப முடியாது.

அப்படியானால் சன்னதி தெருப் படம் பொய்யா? இந்த இடத்தில் சேர்ப்பதையும் நீக்குவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்டாலின் (ரஷ்யாக்காரர்!) காலத்தில், அவர் பக்கத்தில் நின்ற யெஷோவ் 1940-இல் கொல்லப்பட்ட பிறகு படத்திலிருந்தும் அழிக்கப்பட்டார். அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீரை வரைந்துவிட்டார்கள். அதற்கும் பிளேடும் பிரஷ்ஷும்தான் கருவி. அது பார்ப்பவரை ஏமாற்றச் செய்த வேலை. இறந்த கணவனை மனைவி பக்கத்தில் வைத்த ஸ்டூடியோக்காரர் யாரை ஏமாற்றினார்? அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும் அது ஒட்டிய படம் என்று. தெரிந்துதான் காசு கொடுத்தார்கள், தெரிந்துதான் மாட்டினார்கள். நாத்துவாரா சேட்டுக்கும் தெரியும், பால்டிக் மீனவனுக்கும் தெரியும். அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போவதுதான் பிரச்சினை. தெரு முனை ஃப்ளெக்ஸ் பேனரில் தலைவர் தோளில் கை போட்டு நிற்கும் வட்டச் செயலாளரை யாரும் நம்புவதில்லை. ஐம்பது வருடம் கழித்து அந்தப் படம் ஒரு பெட்டியில் கிடைத்தால்?

ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் இந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். விவான் சுந்தரம் 2001-02-இல் 'ரீ-டேக் ஆஃப் அம்ரிதா' என்ற வரிசையைச் செய்தார். அவருடைய தாத்தா உம்ராவ் சிங் ஷேர்கில் எடுத்த குடும்பப் புகைப்படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து, வெவ்வேறு காலத்து உருவங்களை ஒரே அறைக்குள் கொண்டுவந்தார். 1941-இல், 28 வயதில் இறந்த ஓவியர் அம்ரிதா ஷேர்கில் அவருடைய பெரியம்மா. நம் ஊர் ஸ்டூடியோக்காரர் கேட்டால், "இதைத்தானே நாங்களும் செய்தோம்" என்பார். சொன்னால் தப்பில்லை. திருவண்ணாமலையிலேயே அபுல் கலாம் ஆசாத் (பெயர் ஒன்றுதான், தலைவர் வேறு) வந்து தங்கிப் பணியாற்றினார். மட்டாஞ்சேரிக்காரர், பி.டி.ஐ. நிறுவனத்தில் செய்திப் புகைப்படக்காரராக இருந்தவர். பிரிண்டின் மேலேயே கீறுவதும் வண்ணம் தீட்டுவதும் அவர் முறைகளில் உண்டு. 2014-15-இல் அவர் முன்னின்று நடத்திய 'புராஜெக்ட் 365' இந்த ஊரையும் மக்களையும் ஒரு வருடம் முழுக்கப் புகைப்படங்களில் பதிவு செய்தது.

பழைய ஸ்டூடியோ படங்களையும் சிலர் தேடிப் போனார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி முதலானோர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 2010-களில் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் இருந்த படங்களை ஸ்கேன் செய்து சேர்த்தார்கள். காலம் கடந்த முயற்சி என்றே சொல்ல வேண்டும். டிஜிட்டல் வந்ததும் எத்தனையோ ஸ்டூடியோக்களில் கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவி வெறும் கண்ணாடியாக்கிவிட்டார்கள், பிலிம்களை எடைக்குப் போட்டார்கள். படம் பிடித்து வெட்டி ஒட்டிய கைகளுக்குக் கணக்கு வழக்கு எழுதி வைக்கும் பழக்கமும் இருக்கவில்லை.

அப்படித் தப்பித்த படங்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் வருடம் எழுத வேண்டும். கணவர் முகம் எடுத்தது ஒரு வருடம். மனைவி உட்கார்ந்தது அதற்குப் பல வருடம் கழித்து. இரண்டையும் ஒட்டித் திரும்ப எடுத்தது வேறொரு நாள். மேலே பூசிய ரோஸ் நிறம் மகள் கல்யாணத்தின்போது பூசியதாகவும் இருக்கலாம். அந்த ஒரு கட்டத்துக்குள் எந்த வருடத்தை எழுதுவது?